பந்தல் உபயம்: ச. ஆறுமுகப்பெருமாள்

பிப்ரவரி 3, செவ்வாய்

இந்த டைரியை நகைக்கடை முதலாளி என்னைத் தனியாக அழைத்துத் தந்தார். வரிசையில் எனக்கு முன்னால் நாற்பது பேர் நின்றது உண்மைதான். ஆனால் அவர்களுக்குத் தந்தபோது அவர் சிரிக்கவில்லை. ஒரு மாதமாக எழுத விஷயம் இல்லாமல் கிடந்தது. இன்று வாய்த்திருக்கிறது.

அக்கா மகள் செண்பகம் பி.காம். கடைசி வருஷம் படிக்கிறாள். கல்லூரி வணிகவியல் மன்றத்துக்கு அவள்தான் பொருளாளர். முன்னூற்றுப் பத்துப் பிள்ளைகளின் சந்தாப் பணம் அவள் கையெழுத்தில் நிற்கிறது. மத்திய அரசில் நிதி மந்திரி பார்ப்பதும் இதே வேலைதான், அளவில்தான் வித்தியாசம். இந்தக் கணக்கு மூளை தாய்மாமன் வழியில் வந்தது. நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திக்கொண்டேன். பள்ளிக்கூடம்தான் என்னை நிறுத்தியது என்று சொல்கிறவர்கள் கோவில்பட்டியில் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

மன்ற விழா இருபதாம் தேதி. அரங்கத்தில் கூரை வேலை நடப்பதால் மைதானத்தில் பந்தல் போட வேண்டும். கல்லூரி அவள் பேரில் நாற்பதாயிரம் முன்பணம் தருகிறது. விழா முடிந்து பதினைந்து நாளில் பில் வைத்துக் கணக்கு முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் 'பாக்கி இல்லை' என்ற சீட்டில் அலுவலகம் கையெழுத்துப் போடாது. அந்தச் சீட்டு இல்லாமல் ஹால் டிக்கெட் கிடையாது. இதைச் சோறு வைத்துக்கொண்டே சொன்னாள்.

"பந்தலா? செல்வின் அண்ணாச்சி கடையில் எனக்கு இருபது வருஷக் கணக்கு இருக்கு. நான் ஒரு வார்த்தை சொன்னால் மதுரையிலிருந்து பந்தல் நடந்து வரும்" என்றேன். பிள்ளை சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. தீப்பெட்டி ஆபீஸில் பத்து மணி நேரம் நின்று வருகிறவளுக்குச் சிரிப்பு வராதுதான்.

பிப்ரவரி 6, வெள்ளி

காலையில் தண்ணீர் வந்தது. எட்டுக் குடம் பிடித்தேன். மீதியை அக்கா பிடித்தாள். அதன்பின் செண்பகம் ஒரு காகித உறையைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள்.

"எண்ணிக்கோங்க மாமா. நாப்பது இருக்கு. பில்லு மன்றம் பேருல வேணும், ஜி.எஸ்.டி. நம்பரோட. இந்தப் பேப்பர்ல எழுதியிருக்கேன்."

"ஏட்டி, எனக்குப் பில்லு சொல்லித் தாரியா? இந்த ஊருல பாதிப் பத்திரம் நான் சொல்லச் சொல்லத்தான் டைப் ஆயிருக்கு."

"தெரியும் மாமா. இருந்தாலும் பேப்பரை வச்சுக்கோங்க."

அடுக்களையிலிருந்து அக்கா குரல் கொடுத்தாள். "அவன்ட்ட ஏன் குடுக்க? நீயே ஒரு எட்டுப் போயிட்டு வாயேன்."

"மாமா பேசுனா மூவாயிரமாச்சும் குறையும்லா. ஜெயிக்கிற பிள்ளைகளுக்குப் புஸ்தகம் வாங்கலாம்."

செல்வின் பந்தல் கடையில் நல்ல கூட்டம். ஒரு கல்யாண வீட்டுக்காரர்கள், ஒரு கட்சிக்காரர், என்னோடு ஒரு காலத்தில் இடம் புரோக்கர் வேலை பார்த்து இப்போது கார் வைத்திருக்கும் சண்முகநாதன். "என்ன பெருமாளு, யாரு வீட்டு விசேஷம்?" என்று அண்ணாச்சி கேட்டார். சண்முகநாதன் காதை என் பக்கம் வைத்திருந்தான்.

"நம்ம விசேஷந்தான் அண்ணாச்சி. காலேஜ் பிள்ளைகளுக்கு நான் ஒரு பந்தல் போட்டுக் குடுக்கேன். என் கணக்குல எழுதிக்கோங்க" என்று நாற்பதையும் மேஜையில் வைத்தேன். சண்முகநாதன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

முப்பத்தேழாயிரத்துக்குப் பேசி முடித்தேன். சொன்னபடி மூவாயிரம் குறைத்துவிட்டேன். பில்லும் மிச்ச மூவாயிரமும் விழா முடிந்து தருவார். அந்தப் பேப்பர் சட்டைப் பையிலேயே இருந்தது. அண்ணாச்சிக்கு எழுதிக் கொடுத்துச் சொல்ல அவர் என்ன புது ஆளா?

பிப்ரவரி 13, வெள்ளி

ஒரு ஃபிளெக்ஸ் அடித்தேன். எட்டுக்கு ஆறு. பத்து வருஷத்துக்கு முந்தைய போட்டோ, கையில் செல்போனோடு. கடைக்காரப் பையன்தான் 'தொழிலதிபர்' என்று போட்டான். நான் தடுக்கவில்லை. கீழே 'பந்தல், ஒலி, ஒளி உபயம்' என்று சிவப்பில். தொள்ளாயிரம் ஆனது. அக்காவிடம் மருந்துக்கு என்று வாங்கினேன். ஒரு வகையில் மருந்துதான்.

பிப்ரவரி 20, வெள்ளி

விழா. அப்படி ஒரு பந்தலை அந்தக் கல்லூரி கட்டிய நாளிலிருந்து பார்த்திருக்காது. முதல்வரே அண்ணாந்து பார்த்தார். காகம் போகிறதா என்று பார்த்தார் என்று செண்பகம் சொல்கிறாள். எனக்கு அப்படித் தெரியவில்லை.

ஃபிளெக்ஸை வாசலில் கட்ட வைத்தேன். மன்றச் செயலாளர் கௌசிக் என்ற பையன் ஓடிவந்து, "சார்தான் ஸ்பான்சரா? செண்பகம் சொல்லவே இல்லையே" என்று முதல் வரிசையில் உட்கார வைத்தான். மைக்கில் என் பேரைச் சொல்லி நன்றி சொன்னார்கள். முன்னூறு பிள்ளைகள் கை தட்டினார்கள். எழுந்து நின்று கும்பிட்டேன். இரண்டு தடவை.

செண்பகம் மேடைக்குப் பின்னால் என்னைக் கூட்டிப் போனாள்.

"என்ன மாமா இது? இது பிள்ளைகளோட காசு."

"விளம்பரந்தானட்டி. மாமனுக்கு நாலு எடம் முடியும்."

"கழட்டச் சொல்லுங்க மாமா. இப்பவே."

அவிழ்க்கச் சொன்னேன். கட்டியவன் சாப்பிடப் போயிருந்தான். அதற்குள் பிள்ளைகள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

பிப்ரவரி 27, வெள்ளி

செண்பகம் பில் கேட்டாள். நாளை என்றேன்.

மார்ச் 4, புதன்

அண்ணாச்சி கடைக்குப் போனேன். அவர் நோட்டைத் திருப்பி என் பக்கம் வைத்தார்.

"நீ சொன்னபடி உன் கணக்குல வரவு வச்சாச்சு பெருமாளு. பழைய பாக்கி முப்பத்தெட்டாயிரத்து ஐநூறு கழிஞ்சுது. மிச்சம் ஆயிரத்து ஐநூறை இந்தப் பந்தலுக்கு வச்சிருக்கேன். இன்னும் முப்பத்தஞ்சாயிரத்து ஐநூறு தந்துட்டுப் பில்லை வாங்கிக்கோ."

"பழைய பாக்கியா?"

"மறந்துட்டியோ? உன் அக்கா மவளுக்குச் சடங்கு வச்சியே. ஏழு வருசம் ஆச்சு. தாய்மாமன் சீருன்னு தெரு முழுக்கப் பந்தல், சீரியல் செட்டு, செண்டை மேளம், ரெண்டு குதிரை. கேக்கும்போதெல்லாம் ஒரு எடம் முடியுது, ஒரு எடம் முடியுதுன்ன. போன மாசம் நீயா வந்து என் கணக்குல எழுதுங்கன்னு நாப்பதை வச்சதும் எனக்கே சந்தோசமாப் போச்சு."

அந்தக் குதிரைகளை ஊரே பேசியது. ஒன்று வெள்ளை. செண்பகம் பயந்துபோய் ஏற மாட்டேன் என்று அழுதாள். நான்தான் தூக்கி வைத்தேன்.

அது கல்லூரிப் பணம் என்று சொல்ல வாயெடுத்தேன். கடையில் அன்றிருந்த அதே கட்சிக்காரர் உட்கார்ந்திருந்தார். "வெள்ளிக்கிழமை முடிச்சிருதேன் அண்ணாச்சி, பைபாஸ்ல ஒரு எடம் கை மாறுது" என்று சொல்லிவிட்டு வந்தேன். பைபாஸில் உண்மையாகவே ஒரு இடம் இருக்கிறது. நான் பார்த்திருக்கிறேன்.

மார்ச் 7, சனி

பதினைந்து நாள் முடிந்தது. ஜி.எஸ்.டி. கம்ப்யூட்டர் தமிழ்நாடு முழுக்க வேலை செய்யவில்லை என்று செண்பகத்திடம் சொன்னேன். நம்பினாள் என்றுதான் நினைக்கிறேன். சாப்பாடு வைத்தாள்.

மார்ச் 10, செவ்வாய்

அவளே அண்ணாச்சி கடைக்குப் போய்விட்டாள்.

கத்துவாள் என்று நினைத்து, பதிலுக்குச் சொல்ல நாலைந்து விஷயம் தயாராக வைத்திருந்தேன். அவள் கத்தவில்லை. பையை ஆணியில் மாட்டிவிட்டு என் எதிரில் உட்கார்ந்தாள்.

"எனக்குச் சடங்கு வச்ச பந்தலா மாமா?"

நான் ஆணியில் தொங்கிய பையைப் பார்த்தேன்.

"அன்னைக்கே வேண்டாம்னுதானே அழுதேன்."

பிறகு அண்ணாச்சியிடம் பேசியதைச் சொன்னாள். இது பிள்ளைகளின் காசு என்று சொன்னாளாம். 'உன் மாமா அப்படிச் சொல்லலியே தாயி, நாலு பேரு முன்னால தன் காசுன்னுல்லா சொன்னான்' என்றாராம். பாக்கியைத் தீர்க்காமல் பில் எழுத முடியாது என்றும் சொல்லிவிட்டாராம். அண்ணாச்சி நல்ல மனுஷர்தான். வியாபாரம் என்று வந்துவிட்டால் காது கேட்காது.

மார்ச் 13, வெள்ளி

மன்றத்துப் பிள்ளைகளின் செல்போன் குழுவில் என் ஃபிளெக்ஸ் படம் ஓடுகிறதாம். பந்தல் மாமா உபயம் என்றால் மன்றம் கொடுத்த நாற்பதாயிரம் எங்கே என்று கௌசிக் கேட்டிருக்கிறான். கேள்வி சரியான கேள்விதான், கெட்டிக்காரப் பையன். செண்பகத்துக்குப் பட்டப்பேர் வைத்துவிட்டார்கள். நாற்பதாயிரம் நாச்சியார்.

அவள் அதை என்னிடம் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாயின் மகன் அதே கல்லூரியில் படிக்கிறான். அவன் சொல்லித் தெரிந்தது.

மார்ச் 16, திங்கள்

புதன்கிழமை விசாரணை. என்னையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். செண்பகம் காலையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். டிவிஎஸ்ஸில் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்ட காலத்தில் உட்காருவாளே, அவ்வளவு பக்கத்தில்.

"எங்க மன்றத்தைப் பாக்குற ஜான்சி மேடம்ட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன் மாமா. அவுக நம்புதாக. ஆனா ஆபீஸ்ல நம்ப மாட்டாகளாம். நீங்க வந்து, 'பணத்தை நாந்தான் வாங்கிட்டுப் போனேன், என் பழைய பாக்கியில போயிருச்சு, நான் உபயம் பண்ணல'ன்னு சொல்லி எழுதிக் குடுத்தாப் போதும். காசு கட்டத் தவணை தருவாகளாம். ஹால் டிக்கெட்டும் தந்துருவாகளாம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் மாமா. நான் எடுக்கலன்னு தெரிஞ்சாப் போதும்."

"ஏட்டி, இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்க? நான் பேசுத பேச்சுல உனக்கு மெடல் குத்தி அனுப்புவாங்க பாரு" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். சென்னைக் கம்பெனி ஒன்றில் அவளுக்கு வேலை உறுதியாகியிருக்கிறது. ஜூனில் சேர வேண்டும். பரீட்சை எழுதினால்தான்.

மார்ச் 18, புதன்

வெள்ளை வேட்டி சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

முதல்வர் அறையில் ஐந்து பேர். ஜான்சி மேடம், அலுவலகக் கண்காணிப்பாளர் திரவியம் சார், இன்னொரு வாத்தியார், செயலாளர் கௌசிக், நடுவில் முதல்வர். செண்பகம் சுவர் ஓரம் நின்றாள். எனக்கு நாற்காலி போட்டார்கள். சுழலும் நாற்காலி. நான் உள்ளே போனதும் கௌசிக் எழுந்து நின்றான். முதல்வர் பாதி எழுந்தார்.

"வாங்க சார். அன்னைக்கு விழாவுல சரியாப் பேச முடியல. எங்க பிள்ளைகளுக்கு இவ்வளவு பெரிய உதவி செஞ்சிருக்கீங்க" என்றார் முதல்வர்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சார்" என்றேன். அதுவரை சரியாகத்தான் போனது.

திரவியம் சார் ஒரு கோப்பைத் திறந்தார். "செல்வின் பந்தல் கடையில விசாரிச்சோம். 'ஆறுமுகப்பெருமாள் தன் கணக்குல எழுதச் சொன்னாரு, தானே பணம் கட்டினாரு'ன்னு சொல்லுதாக. உங்க மருமக அது மன்றத்துப் பணம்னு சொல்லுது. நீங்க சொல்லுங்க சார். பந்தல் உங்க உபயமா, இல்லையா?"

சொல்ல வேண்டிய வாக்கியங்களை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். பணத்தை நான் வாங்கிப் போனேன். பழைய பாக்கியில் போய்விட்டது. நான் உபயம் செய்யவில்லை. மூன்றே வாக்கியம். ஆனால் ஐந்து பேரும் என் வாயைப் பார்த்தார்கள். அந்தக் கௌசிக் இன்னும் உட்காராமல் நின்றான்.

"நாந்தான் செஞ்சேன்" என்றேன்.

"முழுச் செலவுமா சார்?"

"முழுசும்."

"மாமா" என்றாள் செண்பகம். "நான் குடுத்த காசுன்னு சொல்லுங்க மாமா."

"பிள்ளை பயந்துபோயிருக்கு சார். சின்னப் பிள்ளை. என்ன தப்பு நடந்திருந்தாலும் நீங்க பெரிய மனசு பண்ணணும்" என்றேன்.

அவளைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன். உபயம் என்று முடிந்துவிட்டால் பந்தல் பேச்சு அதோடு போய்விடும், நாற்பதாயிரத்தைப் பைபாஸ் இடம் முடிந்ததும் கட்டிவிடலாம் என்பது என் கணக்கு. கணக்கில் தப்பில்லை. ஜான்சி மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். செண்பகம் பிறகு ஒன்றும் பேசவில்லை. என்ன கேட்டாலும் பேசவில்லை.

வாசல் வரை கௌசிக் வந்து வழியனுப்பினான்.

மார்ச் 19, வியாழன்

அக்கா என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "ஏன்ல?"

மார்ச் 25, புதன்

முப்பதாம் தேதிக்குள் நாற்பதாயிரம் கட்டினால் ஹால் டிக்கெட் தருவார்கள். அக்கா தீப்பெட்டி ஆபீஸில் கேட்டு எட்டாயிரம் முன்பணம் வாங்கியிருக்கிறாள். கம்மல் பன்னிரண்டுக்குப் போனது. மீதி இருபது. பைபாஸ் இடத்துக்காரர் போனை எடுக்கவில்லை. நான்கு வருஷமாகவே எடுக்கவில்லை. டிவிஎஸ்ஸை விற்கப் போனேன். நாலாயிரத்துக்குக் கேட்டான். அந்த வண்டியின் அருமை தெரியாதவனிடம் அதை எப்படிக் கொடுப்பது? திரும்பி வந்துவிட்டேன்.

வந்து வெகுநேரம் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 31, செவ்வாய்

நேற்று கெடு முடிந்தது. இன்று காலையில் டிவிஎஸ்ஸை நாலாயிரத்துக்கே கொடுத்து, பணத்தை அக்கா முன்னால் வைத்தேன். அவள் எடுக்கவில்லை. தரையிலேயே கிடக்கிறது.

ஏப்ரல் 2, வியாழன்

செண்பகம் கல்லூரிக்குப் போய் ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறாள். மன்றப் பணத்தைச் சொந்தச் செலவுக்கு எடுத்துக்கொண்டதாகவும், தவணையில் கட்டுவதாகவும். அப்படி எழுதிக் கொடுத்தால் நவம்பரில் எழுத விடுவார்களாம். எழுதாவிட்டால் போலீசுக்குப் போவார்களாம். சென்னைக் கம்பெனிக்கும் தகவல் போய்விட்டது.

அக்கா அழுதாள். செண்பகம் அவளுக்குத் தலை வாரிவிட்டாள்.

ஏப்ரல் 6, திங்கள்

நேற்று முழுவதும் உட்கார்ந்து எழுதினேன். இரண்டு பக்கம். நகைக்கடையில் டைரி வாங்கிய கதை போல அல்ல, நடந்தது நடந்தபடி. செண்பகம் தந்த நாற்பதாயிரம், சண்முகநாதன் முன்னால் நான் சொன்னது, சடங்குப் பாக்கி, ஃபிளெக்ஸ், விசாரணையில் நான் சொன்ன பொய். கீழே முழுப்பேரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பஸ்ஸில் போய்த் திரவியம் சார் மேஜையில் வைத்தேன்.

அவர் நிதானமாக இரண்டு பக்கமும் படித்தார். படித்துவிட்டு என்னையே பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது.

"உக்காருங்க சார்" என்றார். "எனக்கும் ரெண்டு மருமவ இருக்கு. புரியுது. பிள்ளையக் காப்பாத்த இந்தப் பழியத் தூக்கி உங்க தலையில போட்டுக்கிறீங்க."

"இல்ல சார். இது நெசம். அன்னைக்குச் சொன்னதுதான் பொய்."

"சார், அது கையெழுத்துப் போட்டுக் குடுத்தாச்சு. தன் வாயால ஒத்துக்கிட்டாச்சு. நீங்க இப்படி எழுதிக் குடுத்தா உங்க பேருல்லா கெடும்? பந்தலும் போட்டுக் குடுத்துட்டு, திருட்டுப் பட்டமும் வாங்குவீங்களா?"

"நான் பந்தல் போடல சார். ஒரு பைசா என் காசு இல்ல."

பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டுக் கடிதத்தைக் காட்டினார். "இங்க பாருங்க, இப்படியும் ஒரு தாய்மாமன்." அவரும் படித்தார். எழுந்துவந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். திரவியம் சார் கடிதத்தை நான்காக மடித்து என் சட்டைப் பையில் அவரே வைத்தார். "பெரிய மனசு சார் உங்களுக்கு. வீட்டுக்குப் போங்க. இதை யாருட்டயும் காட்டாதீங்க."

இன்னொரு தரம் சொல்லியிருக்கலாம். முதல்வர் அறை நாலு அடி தள்ளித்தான் இருந்தது. கதவு திறந்திருந்தது. ஜான்சி மேடம் எங்கே என்று கேட்டிருந்தால் யாராவது காட்டியிருப்பார்கள்.

டீ வந்தது. குடித்தேன். இரண்டு பேரையும் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 9, வியாழன்

இன்று முதல் பரீட்சை. பத்து மணிக்கு.

ஏழு மணிக்குத் தீப்பெட்டி ஆபீஸ் வேன் தெருமுனையில் வந்து நின்றது. அக்கா முன்னால் போனாள். செண்பகம் தூக்குச் சட்டியோடு பின்னால் போனாள். பொன்னுத்தாய் வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். அவள் மகன் புதுச் சட்டை போட்டு, திருநீறு பூசி, பேனாவைச் சோதித்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தான்.

"என்ன செம்பகம், வேனுக்குப் போற? இன்னைக்குப் பரீட்சைன்னு இவன் கெளம்பிட்டானே. உனக்கு இல்லியா?"

செண்பகம் நின்றாள். நான் நடையில் நின்றுகொண்டிருந்தேன். விசாரணைக்குப் பிறகு இன்றுதான் என் முகத்தைப் பார்த்தாள்.

"மாமாட்டக் கேளுங்கத்தே. அவுக நல்லாச் சொல்லுவாக" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறிக்கொண்டாள்.

பொன்னுத்தாய் வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அவள் மகனும் பார்த்தான்.

வேன் போய் வெகுநேரம் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.